கத்திப்பிடி மரமும் கடற்கரை உப்பும்

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

கத்தியைப் பற்றிப் பேச்செடுத்தால் யாவரும் அதன் கூரைப் பற்றியே பேசுவர். திருப்பாச்சேத்தி அரிவாள் என்றால் தமிழ்நாடே அறியும். ஆனால் அந்த அரிவாளின் பிடி எந்த மரம் என்று கேட்டால் பதில் சொல்வோர் அரிது. நம் கையில் படுவது இரும்பன்று, மரமே. இரும்பு மழுங்கினால் தீட்டிக் கொள்ளலாம். பிடி ஆடத் தொடங்கினால் வேலை கெடும். சில வேளைகளில் விரலுக்கும் ஆபத்து. மரக்காணம் கடற்கரையில் இத்தொல்லை உள்நாட்டு ஊர்களைவிடச் சற்று மிகுதி. அது ஏன் என்பதையும், கத்தி செய்வோர் வெளிநாடுகளில் இதற்கெனப் பயன்படுத்தும் 'நிலைப்படுத்திய மரம்' என்பது யாது என்பதையும், அது நம் ஊருக்கு எவ்வளவு பொருந்தும் என்பதையும் இங்கு எழுத முயல்கிறேன்.

நம் ஊரில் கத்தி இல்லாத வீடு உண்டா? பனையேறுவோரிடம் பாளை சீவும் அரிவாள் இருக்கிறது. மீனவர் குப்பங்களில் மீன் வெட்டும் கத்தியும் அரிவாள்மணையும் இருக்கின்றன. உப்பளத்தில் கோணியும் கயிறும் அறுக்கச் சிறு கத்தி. வேலி முள் கழிக்கக் கொடுவாள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பிடி போடும் முறை ஒன்றே. கொல்லர் கத்தியின் அடிப்பாகத்தை வால் போல நீட்டி விட்டிருப்பார். அதை உலையில் சிவக்கக் காய்ச்சி, மரப்பிடியில் முன்னரே இட்டுவைத்த துளையில் இறக்குவார். மரம் புகைந்து, கரிந்து, வழிவிடும். பின்பு பிடியின் வாய்ப்புறம் வெடிக்காமல் இருக்க இரும்பிலோ பித்தளையிலோ பூண் போடுவார். துளையில் மீதியுள்ள இடைவெளியில் அரக்கை உருக்கி ஊற்றுவதும் உண்டு. கடைகளில் விற்கும் நகரத்துக் கத்திகளில் வேறொரு முறை காணலாம். இரும்புத் தகடு பிடியின் முழு நீளமும் வரும். அதன் இருபுறமும் மரப்பலகை வைத்து ரிவிட் அடித்திருப்பார்கள்.

எந்த முறையானாலும் இரும்பும் மரமும் ஒட்டி வாழ வேண்டியிருக்கிறது. சிக்கலும் அங்கேதான் பிறக்கிறது. வெயிலுக்கும் மழைக்கும் இரும்பின் அளவு மாறுவது கண்ணுக்குத் தெரியாத அளவே. மரமோ அப்படியன்று. எங்கள் கடைத்தெருக் கொல்லர் தாத்தாவிடம் இதுபற்றிக் கேட்டேன். "மரம் செத்துப்போனாலும் தண்ணி குடிக்கறத விடாது, பாப்பா. மழைக்குக் குடிக்கும், வெயிலுக்குக் கக்கும். இரும்பு பாவம், என்ன பண்ணும்?" என்றார். ஆராய்ச்சி நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதும் இதைத்தான்.

மரத்தின் உள்ளே கோடிக்கணக்கான நுண்ணிய குழாய்கள் போன்ற செல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு செல்லையும் ஓர் அறை என்று கொள்வோம். தண்ணீர் இரண்டு இடங்களில் தங்கும். ஒன்று அறையின் வெற்றிடம். மற்றொன்று அறையின் சுவர். வெட்டிய பச்சை மரம் காயும்போது முதலில் அறைகளிலுள்ள நீர் வெளியேறுகிறது. அப்போது எடை குறையுமேயன்றி மரத்தின் அளவு மாறுவதில்லை. காய்ந்த மரத்தின் எடையில் நீரின் பங்கு ஏறத்தாழ 28 அல்லது 30 சதவீதத்துக்கு இறங்கியதும், சுவர்களிலுள்ள நீர் வெளியேறத் தொடங்கும். அப்போதுதான் மரம் சுருங்குகிறது. மறுபடி ஈரக்காற்று பட்டால் சுவர் நீரை வாங்கி உப்புகிறது. சுவரிலுள்ள செல்லுலோஸ் முதலிய பொருள்கள் நீரை விரும்பிப் பற்றிக்கொள்வதே இதற்குக் காரணம்.

இந்தச் சுருக்கம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருந்தாலாவது பரவாயில்லை. நீளவாக்கில் அநேகமாக ஒன்றுமில்லை. மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஓரளவு. ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏறக்குறைய அதைப்போல் இருமடங்கு. மிகவும் அடங்கிய மரம் என்று பெயர் வாங்கிய தேக்கே, பச்சையிலிருந்து முற்றிலும் காயும்வரை ஒரு திசையில் சுமார் 2.5 சதவீதமும் மற்றத் திசையில் 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவும் சுருங்குகிறது. பச்சை மரத்தில் உருண்டையாகக் கடைந்த பம்பரம் காய்ந்தபின் முட்டை வடிவாகிவிடுவதைச் சிலர் பார்த்திருக்கலாம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் உள்ள இடத்தில் நெடுநாள் கிடக்கும் மரத்தில் சுமார் 16 சதவீத நீர் இருக்கும். அதே மரம் கோடையில் அடுப்படியிலும் வெயிலிலும் கிடந்தால் 7 சதவீதத்துக்கு இறங்கலாம். வித்தியாசம் 9. நீர் 1 சதவீதம் மாறினால் மரத்தின் அகலம், வளையத்தை ஒட்டிய திசையில், சராசரியாக 0.25 சதவீதம் மாறுகிறது. பிடியின் அகலம் 30 மில்லிமீட்டர் என்றால், 30 × 0.25 × 9 ÷ 100; விடை 0.675 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டருக்கும் மேலான இந்த இடைவெளி, பூண் கழன்று விழவும் ரிவிட் தலை கையில் உறுத்தவும் போதுமானது.

மண்வெட்டிக் காம்பு ஆடினால் வீட்டில் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? இரவெல்லாம் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவைப்பார்கள். காலையில் காம்பு இறுகியிருக்கும். இது நல்ல தந்திரம்போலத் தோன்றினும் அதனுள் ஒரு கேடு மறைந்திருக்கிறது. நீர் குடித்த மரம் உப்ப முயல்கிறது. சுற்றியுள்ள இரும்பு இடம் தருவதில்லை. ஆகவே உள்ளே இருக்கும் நார்கள் நசுங்கிப்போகின்றன. மறுபடி காயும்போது மரம் முன்னைவிடச் சிறுத்துவிடும். ஒவ்வொரு முறை ஊறப் போடும்போதும் அடுத்த ஆட்டத்துக்கு நாமே வழி செய்கிறோம்.

இனி உப்புக்கு வருவோம். சுத்தமான சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்குகிறது. உப்பளத்து உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதனினும் பேராசை பிடித்தது. ஈரப்பதம் 33 சதவீதம் இருந்தாலே நீரை இழுக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதை வீட்டில் அம்மாமார் குறைகூறுவது இதனால்தான். இத்தகைய உப்பு நீர் ஊறிய கத்திப்பிடி, காற்றே ஈரமாக இருக்கும் கடற்கரையில், இரவில் தானாகவே நனைகிறது. பகல் வெயிலில் காய்கிறது. மழை பெய்ய வேண்டியதேயில்லை. உள்நாட்டுக் கத்திப்பிடி ஆண்டில் சில முறை படும் பாட்டை நம் ஊர்ப் பிடியின் மேற்புறம் தினமும் படுகிறது.

உப்பு நீர் துளைக்குள் இறங்கினால் இரும்பு வால் துருப்பிடிக்கிறது. துரு என்பது இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைப்பது. உள்ளிருந்தே ஆப்பு அடிப்பதுபோல அது பிடியைப் பிளக்கிறது. கருவேலம்போன்ற துவர்ப்புச் சத்து மிகுந்த மரமாயின் இரும்பும் துவர்ப்பும் கூடிக் கறுத்துப்போகும். முற்காலத்தில் எழுதும் மை காய்ச்சியது இந்த ரசாயன மாற்றத்தைக் கொண்டுதான். கறுப்பு வெறும் நிறமாற்றத்தோடு நிற்பதில்லை. இரும்பின் உப்புகள் அருகிலுள்ள மரநார்களை மெல்ல மெல்ல மக்கச் செய்கின்றன. வெளியே பார்த்தால் பிடி நன்றாக இருக்கும்; உள்ளே வால் பொடிக்குள் நிற்கும். மீன் வெட்டும் வேலை பார்க்கும் என் அத்தையின் கத்தி சென்ற ஆண்டு இப்படித்தான் பிடிக்குள் சுழன்று கட்டைவிரலை ஆழமாக வெட்டிவிட்டது. தையல் போட்டு இருபது நாள் அவர் கூடையைத் தொடவில்லை. அந்த இருபது நாள் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பதை நான் எழுதப் போவதில்லை.

அப்படியானால் உப்பு மரத்துக்கு முற்றிலும் பகையா? அதுவும் இல்லை. ஆஸ்திரியா நாட்டில் ஹால்ஸ்டாட் என்னும் மலையூர் ஒன்று உண்டு. அங்கே மலைக்குள் உப்புப் பாறை. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அதை வெட்டி எடுத்தார்கள். அந்தச் சுரங்கத்தில் 2003ஆம் ஆண்டில் ஒரு மரப் படிக்கட்டைக் கண்டுபிடித்தனர். மர வளையங்களை எண்ணிப் பார்த்ததில் அதற்குரிய மரம் கி.மு. 1344ஐ ஒட்டி வெட்டப்பட்டது என்று தெரிந்தது. அதைவிட எனக்கு வியப்பூட்டியது, அங்கே கிடைத்த வெண்கலக் கோடரிகளின் மரப்பிடிகள். உப்பு வெட்டிய தொழிலாளி உடைத்துப்போட்ட பிடி மூவாயிரம் ஆண்டு கழித்தும் பிடியாகவே இருக்கிறது! கிளை முளைக்கும் இடத்தில் முழங்கால்போல் இயற்கையாகவே வளைந்த மரத்தைத் தேர்ந்து அவற்றைச் செய்திருக்கிறார்கள். உப்பு நிறைந்த இடத்தில் மரத்தை மக்கச் செய்யும் காளான் வளராது. சுரங்கத்தில் கோடையும் மழையும் கிடையாது. காற்றின் ஈரம் மாறுவதில்லை. ஆகவே மரம் மக்கவும் இல்லை, அசையவும் இல்லை. நம் கரையிலோ உப்பு மக்குவதைத் தடுக்கும். ஆனால் அசைவை வளர்க்கும். கத்திப்பிடிக்கு அசைவே பெரிய எதிரி.

மக்காமல் காப்பதும் அசையாமல் காப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. முன்னதில் இந்தியருக்கு நல்ல பெயர் உண்டு. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சோன்டி காமேசம் என்பவர் 1933இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகியவற்றின் உப்புகளைச் சேர்த்து ஒரு மரக்காப்பு மருந்தைக் கண்டுபிடித்தார். தந்திக் கம்பங்களும் படகுத்துறைத் தூண்களும் உலகெங்கும் அதனால் பல்லாண்டு நின்றன. ஆனால் ஆர்சனிக் நஞ்சு, கத்திப்பிடிக்கு ஆகாது. மேலும் அது கரையானையும் காளானையும் விரட்டுமேயன்றி மரம் நீர் குடிப்பதை நிறுத்தாது.

அசைவை நிறுத்த ஒரு வழி உண்டு. செல் சுவரில் நீர் உட்காரும் இடத்தில் வேறொரு பொருளை உட்கார வைத்துவிட வேண்டும். அது எழுந்து போகாததாகவும் இருக்க வேண்டும். பூம்புகாரை அடுத்த கீழையூரில் 1960களில் தொல்லியலார் செங்கல்லால் கட்டிய பழைய படகுத்துறையைத் தோண்டியபோது மரத்தூண்களும் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டு ஈரச் சேற்றில் இருந்தால் மரம் ஓரளவு பிழைத்துக்கொள்கிறது. வெளியே எடுத்துக் காயவிட்டால்தான் அதற்குக் கேடு. சுவீடன் நாட்டின் 'வாசா' என்ற போர்க்கப்பல் 1628இல் தன் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கியது. 1961இல் அதைத் தூக்கினார்கள். அப்படியே காயவிட்டிருந்தால் கப்பல் விறகுக் கட்டாகியிருக்கும். எனவே 1962 முதல் 1979 வரை, பதினேழு ஆண்டுகள், பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளை நீரில் கரைத்து அதன்மேல் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். நீர் வெளியேற வெளியேற அந்த மெழுகு சுவருக்குள் குடிபுகுந்தது. கப்பல் இன்றும் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எனினும் அதிலிருந்த இரும்பு போல்ட்டுகள் துருப்பிடித்து மரத்தைக் கெடுத்ததால், 2011 முதல் 2018 வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைக் கழற்றி, துருப்பிடிக்காத எஃகால் செய்த போல்ட்டுகளை மாட்டினார்கள். கப்பலானாலும் மீன் கத்தியானாலும் இரும்பும் உப்பும் மரமும் கூடினால் கதை ஒன்றே.

கத்திப்பிடிக்கான வழி அமெரிக்காவின் மாடிசன் நகரிலுள்ள வனப்பொருள் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்தது எனலாம். அங்கே ஆல்பிரட் ஸ்டாம் என்ற விஞ்ஞானியும் அவருடன் பணிபுரிந்தோரும் 1930களிலும் 40களிலும் மெல்லிய மரத்தகடுகளைப் பீனால் சேர்ந்த பிசினில் ஊறவைத்துச் சூட்டில் இறுக வைத்தார்கள். பிசினின் மூலக்கூறுகள் மிகச் சிறியவையாதலால் செல் சுவருக்குள்ளேயே நுழைந்தன. மரத்தின் அசைவு பாதிக்கும் கீழே குறைந்தது. அத்தகடுகளை அடுக்கி அழுத்திச் செய்த கட்டையை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானச் சுழலிகளுக்குப் பயன்படுத்தினார்கள். பின்னர் அதே பொருள் சமையற் கத்திகளின் பிடியாகவும் வந்தது.

இக்காலத்தில் கையால் கத்தி செய்வோர் கையாளும் முறை சற்று வேறு. நம் பௌதிக ஆய்வுக்கூடத்து வெற்றிடப் பம்பையும் கண்ணாடி மணியையும் நினைவில் கொண்டால் இது எளிதில் விளங்கும். முதலில் மரக்கட்டையை 100 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேலான சூட்டில், எடை இனிக் குறையாது என்னும்வரை காய வைக்கிறார்கள். சிறிது நீர் இருந்தாலும் பிசின் சரியாக இறுகாது. ஆறிய கட்டையை, மிதக்காதபடி எடை வைத்து, தண்ணீர்போல் இளகிய அக்ரிலிக் வகைப் பிசினில் அமிழ்த்துகிறார்கள். பாத்திரத்தை மூடி, பம்பினால் காற்றை வெளியே இழுக்கிறார்கள். மரத்தின் அறைகளில் இருந்த காற்று குமிழி குமிழியாக நுரைத்து வெளிவரும். மணிக்கணக்காகும். நுரை அடங்கியபின் பம்பை நிறுத்திக் காற்றை உள்ளே விடுவார்கள். பிசின் உள்ளே செல்வது பெரும்பாலும் இப்போதுதான். நம்மைச் சுற்றியுள்ள காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எடையோடு அழுத்துகிறதல்லவா? அந்த அழுத்தமே காலியான அறைகளுக்குள் பிசினைத் தள்ளுகிறது. தண்ணீருக்குள் பிழிந்த பஞ்சு, கையை விட்டதும் நீரை உறிஞ்சுவதைப்போல. பலமணி நேரம் ஊறியபின், அலுமினியத் தாளில் சுற்றி ஏறக்குறைய 90 டிகிரிச் சூட்டில் வைத்தால் பிசின் உள்ளேயே கல்லாக இறுகிவிடும். மிருதுவான மரமாயின் எடை இரண்டு மடங்குகூட ஆகும்.

இந்தப் பிசின் ஆவி மூச்சுக்கு ஆகாது. இறுகாத பிசின் தோலில் பட்டால் எரிச்சல். இறுகிய கட்டையை அரத்தால் ராவும் தூளும் கெடுதலே. சாதாரணக் கண்ணாடி ஜாடியில் காற்றை இழுத்தால் அது உள்நோக்கி நொறுங்கும். வீட்டுச் சமையல் அடுப்பில் இதைச் செய்யக்கூடாது. தங்கைமார் யாரேனும் படித்துவிட்டு முயன்றுவிடப் போகிறீர்களே என்று இதை எழுதுகிறேன்.

'நிலைப்படுத்திய மரம்' என்ற பெயரை அப்படியே நம்பிவிடவும் கூடாது. ஸ்டாம் பயன்படுத்திய பிசின் சுவருக்குள் சென்றது. இக்காலத்து அக்ரிலிக் பிசின் பெரும்பாலும் அறைகளை மட்டுமே நிரப்புகிறது. சுவருக்குள் மிகக் குறைவாகவே செல்கிறது. ஆகவே அத்தகைய மரம் நீரே குடிக்காது என்பது மிகை. அறைகள் அடைபட்டிருப்பதால் நீர் உள்ளே செல்ல வழி குறுகி, நாள்கணக்கில் நடக்க வேண்டியது வாரக்கணக்கில் நடக்கிறது. மாதக்கணக்கில் நீரில் கிடந்தால் அதுவும் உப்பும். ஆயினும் கத்தி தினமும் நனைந்து தினமும் காய்வது. அதற்கு இந்தத் தாமதமே பேருதவி. உப்பு நீர் வாலுக்குப் போய்ச் சேரும் முன்னரே கத்தியைக் கழுவித் துடைத்துவிடலாம்.

எந்த மரத்துக்கு இது பயன்படும் என்பது கேட்பவரைத் திகைக்கச் செய்யும். விலையுயர்ந்த ஈட்டி, கருங்காலி போன்றவை பிசினை ஏற்பதே அரிது. அவற்றின் அறைகள் ஏற்கெனவே எண்ணெயும் பிற சத்துகளும் நிறைந்து இறுகியவை. காளான் பிடித்து வரிவரியாக நிறம் மாறியது, பூச்சி அரித்தது, விறகுக்குக்கூட லேசு என்று ஒதுக்கியது, இவைதாம் பிசினை மிகுதியாகக் குடித்து மிக அழகிய பிடிகளாகின்றன. நம் ஊரில் நினைத்தால் எனக்கு முதலில் தோன்றுவது பனை. அதில் ஆண்டு வளையம் கிடையாது. மெத்தென்ற சோற்றுக்கு நடுவே கறுத்த உறுதியான நார்கள் குத்திட்டு நிற்கின்றன. வெறுமனே பிடி செய்தால் நார் பிரிந்து கையில் சிராய் ஏறும். பிசின் ஏற்றினால் சோறும் நாரும் ஒன்றாய் இறுகும். குறுக்கே வெட்டினால் புள்ளி புள்ளியாக, நீளவாக்கில் வெட்டினால் கோடு கோடாகத் தெரியும். வெளிநாட்டுக் கத்திக்காரர்கள் கரும்பனை வகை மரங்களை இவ்வாறே பயன்படுத்துகிறார்கள். பூவரசின் முடிச்சு விழுந்த அடிக்கட்டையும் நல்ல வேட்பாளர்.

ஆனால் பம்பு, பிசின், சூட்டடுப்பு என்று செலவு வைத்தால் அந்தப் பிடியோடு கத்தி வாங்க உப்பளத்துக் கூலியில் முடியுமா? விருந்தினருக்குப் பரிசளிக்கும் கத்திக்கு அது சரி. மீன் வெட்டும் கத்திக்கு வேறு வழி தேட வேண்டும் என்பது என் கருத்து. கண்ணாடிபோல் மெருகேற்றிய பிசின் பிடி மீன் ஈரம் பட்ட கையில் வழுக்கவும் செய்யும். மெருகேற்றாமல் சற்றுச் சொரசொரப்பாக விட்டால்தான் பிடிமானம் இருக்கும்.

அந்த வேறு வழி நம் வேலியிலேயே நிற்கிறது. வேலிக்காத்தான் என்று நாம் திட்டித் தீர்க்கும் சீமைக்கருவேல மரந்தான் அது. அமெரிக்க மண்ணைச் சேர்ந்த இம்மரத்தின் விதைகள் 1877இல் ஜமெய்க்காவிலிருந்து வந்து கடப்பையில் விதைக்கப்பட்டன. இன்று ஏரியும் புறம்போக்கும் அதன் வசம். அதை ஒழிக்க வேண்டும் என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. எனினும் இம்மர இனத்துக்கு ஓர் அரிய குணம் உண்டு. காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும்; இரு திசைகளிலும் சுருக்க வித்தியாசமும் குறைவு. டெக்சஸ் பகுதியில் வளரும் இதன் நெருங்கிய உறவான மரத்தில் சுருக்கம் தேக்கினுடையதில் ஏறக்குறைய பாதியே. அங்கே அதைக் கத்திப்பிடிக்கும் துப்பாக்கிக் கட்டைக்கும் விரும்பி வாங்குகிறார்கள். இங்கே கரி சுட்டு விற்கிறோம். வெள்ளைக் கட்டையைப் பூச்சி துளைக்கும். வைரம் பாய்ந்த நடுக்கட்டையையே எடுக்க வேண்டும். வளையாத நீண்ட துண்டு கிடைப்பது அரிது. கத்திப்பிடிக்குச் சாண் நீளம் போதுமே!

அதற்கு மேல் எண்ணெய். தேங்காயெண்ணெயும் வேப்பெண்ணெயும் மரத்தில் இறுகுவதில்லை, பிசுபிசுப்பாகவே நிற்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டுத் தானே இறுகும் இனம். மெல்லியதாகப் பூசித் துடைத்து, நன்கு காய்ந்தபின் மறுபடி பூச வேண்டும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும். பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தொழிலில் கிடைக்கும் கொட்டை ஓட்டு எண்ணெயும் படகுகளுக்குப் பூசப்படுவது. அது பீனால் இனத்தைச் சேர்ந்தது. ஸ்டாம் பயன்படுத்திய பிசினுக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். ஆனால் கையில் பட்டால் கொப்புளம் போடும், பிடிக்கு வேண்டாம்.

எல்லாவற்றிலும் மலிவானது பிடியின் இரு முனைகளையும் அடைப்பது. மரத்தின் செல்கள் நீளவாக்கில் குழாய்களாதலால் பக்கவாட்டில் செல்வதைவிட வெட்டுமுனை வழியாக நீர் பன்மடங்கு விரைவாக ஏறும். வால் நுழையும் துளையும் அந்த முனையில்தான் இருக்கிறது. பழைய கொல்லர்கள் ஊற்றிய அரக்கின் அருமை இப்போது புரிகிறது. அதுவும் ஒரு பிசினே. மரத்தின் மேல் வாழும் சிறு பூச்சி தருவது. அவர்கள் அதை வாலை இறுக்கவே ஊற்றினார்கள் என்று நினைத்திருந்தேன். உப்பு நீர் புகும் வாசலையும் அது அடைத்துவிடுகிறது. அடிமுனைக்குத் தேன்மெழுகை உருக்கித் தேய்த்தால் போதும். சூடு பட்டால் அரக்கும் மெழுகும் இளகும் என்பதால் கத்தியை அடுப்பருகே வைக்கலாகாது.

இதைச் சோதித்துப் பார்க்க விரும்பும் தோழியருக்கு ஒரு முறை சொல்கிறேன். ஒரே அளவில் நான்கு மரத்துண்டுகள் வேண்டும். புளி அல்லது சவுக்கில் மூன்று. வேலிக்காத்தான் வைரத்தில் ஒன்று. முதல் மூன்றில் ஒன்றை வெறுமனே விடுங்கள். இன்னொன்றின் முனைகளை மட்டும் அரக்கால் அடையுங்கள். மூன்றாவதற்கு ஆளிவிதை எண்ணெய் மூன்று முறை பூசுங்கள். எண்ணெய் காய ஒரு வாரமாவது ஆகும். பிறகு நான்கையும் எடை போட்டு, அகலத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்து குறித்துக்கொண்டு, இரவில் உப்பளத்து நீரிலும் பகலில் நிழலிலும் பத்து நாள் வையுங்கள். தினமும் காலையில் நீரிலிருந்து எடுத்து, துடைத்தபின் அளக்க வேண்டும். வெட்டுமுனையில் தெரியும் வளையக் கோடுகளை ஒட்டிய திசையில் பென்சிலால் ஒரு குறியிட்டு, எப்போதும் அந்த இடத்திலேயே அளவு எடுங்கள். திசை மாறினால் கணக்கு பாதியாகத் தெரியும்.